கேபிள் இழுத்த அன்றைக்கு

— தேத்தண்ணி ஆறப்போகுது, குடிச்சிட்டுச் சொல்லுங்கோ நளீர். நாளைக்குப் பத்து மணிக்கு என்னோட லோயரிட்ட வருவீங்களோ, மாட்டீங்களோ?

— நான் வந்து என்னத்தச் செல்ற, மங்களேஸ்வரி அக்கா?

— உண்மையைச் சொல்லுறது. கட்டுகஸ்தோட்டை றோட்டுக் கம்பத்தில கட்டினது குண்டில்லை, போன் கேபிள் எண்டு சொல்லுறது. என்ர மனுசனைப் பிடிச்சுப் பதினெட்டு நாளாச்சு. கூட வேலை செய்த ஆக்களில இந்த வீட்டுப் படி ஏறினது நீங்கள் ஒராள்தான்.

— செல்லலாம் அக்கா. எழுதியும் தரலாம். ஊட்டுல என்ட பொஞ்சாதி ஹிதாயாதான் பயப்புடுறா. மூணும் சின்னப் புள்ளைகள்.

— எனக்கும் ரெண்டு இருக்கு. "அப்பா எப்ப வாறார்" எண்டு சின்னவள் கேட்டுக் கேட்டு என்ர உயிரை எடுக்கிறாள்.

— அல்லாவே...

— எனக்கு அவரிலதான் கோவம். றோட்டில நிண்டா தமிழில வாய் திறக்கக்கூடாது எண்டு உங்களுக்கெல்லாம் சட்டம் போட்டதே அவர். வன்னியில அடிபாடு துவங்கின நாளில இருந்து என்னையும் பஸ்ஸில கதைக்க விடேல்லை. அப்பிடிப்பட்ட மனுசன் பட்டப்பகலில, ஆமிக்காரன் நிக்கேக்க, நிப்பாட்டச் சொல்லித் தமிழில கத்தினாராம்!

— அந்த நேரத்துல சிங்களம் வாயில வராது அக்கா. கேபிள் கப்பிய உட்டுப் பாஞ்சி, கொக்கியில மடிஞ்சிட்டு. இன்னொரு இழுவ இழுத்தா உள்ளுக்கு ஈக்கிற கண்ணாடி நூலெல்லாம் முறிஞ்சிரும். வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது. வட்டமா வளைக்கலாம், மடிக்கவே ஏலா.

— நூல் முறிஞ்சா வேற வாங்கலாம். மனுசனை எந்தக் கடையில வாங்கிறது? ஆர் கத்தினது எண்டு கேட்ட உடன, "நான்தான்" எண்டு சொன்னவராம். அவங்கள் எழுதின வாக்குமூலத்தில கையெழுத்தும் வச்சிட்டாராம். விசர் மனுசன்!

— அப்புடிச் செல்லாதீங்க அக்கா.

— சொல்லுவன். எனக்கு வயிறு எரியுது. சரி, ஆர் எங்க நிண்டது எண்டு லோயர் கேப்பார். சொல்லுங்கோ பாப்பம்.

— ஒரு பக்கம் லொறி. அதுல கேபிள் உருளை, அத ரெண்டு பேர் சுத்தி உடுற. அங்கால முனையில ஒருத்தர் இழுக்கிற. நடுவுல ஒருத்தர் கம்பத்துல ஏறி, கப்பியில ஒழுங்கா ஓடுதா எண்டு பாத்துக்கிட்டே ஈக்கணும். மாட்டினா அவர்தான் சத்தம் போடணும்.

— அப்ப இவர் கம்பத்தில.

— இல்ல, அண்ணன் முனையில. அளவா இழுக்க அவருட கைக்குத்தான் தெரியும்.

— பொறுங்கோ. இழுத்தது இவரோ?

— ஓ, அவர்தான்.

— இழுத்தவர் இவர் எண்டால், ஆரை நிப்பாட்டச் சொல்லிக் கத்தினவர்?

— தேத்தண்ணி ஆறிட்டு அக்கா.

— நளீர், என்னைப் பாருங்கோ.

— எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிக் கேட்டாங்க அக்கா. அண்ணன் என்ட மூஞ்சிய ஒருக்காப் பாத்தார். பாத்துட்டு, "நான்தான்" எண்டு முன்னுக்கு வந்துட்டார்.

— ஐயோ, முருகா!

— அவருட ஐடென்டிகாட்ல யாழ்ப்பாணம் எண்டு ஈக்கி. என்டதுல இந்தப் பக்கத்து அக்குறணை. என்னய ரெண்டு கேள்வி கேட்டுட்டு உட்டிருப்பாங்க அக்கா. கம்பத்துல நிண்டு கத்தின நான்தான்.