தகடு இல்லாத கதவு

இந்த அறைக் கதவு கிறீச்சுன்னு கத்துது சார். கீல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போதும். தினம் இதைக் கேட்டுக்கிட்டு எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ.

நான் வெல்டர். நீச்சல்குளத்து வேலிக்குக் கதவு செய்யறேன். தள்ளிட்டு உள்ள போய்க் கையை எடுத்ததும் தானா வந்து மூடிக்கும், தாழும் தானா விழும். தாழ் பெரியவங்க தோள் உயரத்துல இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு எட்டாது. கூலி வாங்கறதில்ல. ஒரு தகடு மட்டும் பதிப்பேன். 'வண்டு நினைவாக'ன்னு இருக்கும். வண்டு என் மகன். சோறு வாயில இருக்கும்போதே ஏதோ முனகிக்கிட்டே இருப்பான், அதனால அந்தப் பேர். மூணரை வயசு.

அவன் தண்ணியில விழுந்து போனது வேற ஒரு குடியிருப்புல. அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு அவனையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். நான் மூணாவது மாடியில கைப்பிடிக்கு வெல்டிங் வெச்சுக்கிட்டிருந்தேன். கீழே குளத்துக் கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு எவனோ ஒரு மகராசன் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வெச்சிருந்தான். யாருன்னு கடைசிவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கல. துக்கத்துக்கு மட்டும் அத்தனை பேரும் வந்தாங்க. செங்கல் வெச்ச அந்தக் கையும் என் தோளைத் தட்டிட்டுத்தான் போயிருக்கும்.

முதல் ரெண்டு வருஷம் தேடி வந்து கதவு கேட்டாங்க. அப்புறம் மறந்துட்டாங்க. மறக்கட்டும், அதுக்கு நான் யாரையும் குறை சொல்லல. ஆனா நான் கதவு போட்டுக் கொடுத்த இந்தக் குடியிருப்போட சங்கச் செயலாளர் இருக்காரே, அவர் மறக்கக்கூட இல்ல. என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்கார வெச்சு, தண்ணி கொடுத்துட்டுச் சொன்னார்.

"அண்ணே, கதவு அருமையா இருக்கு. அந்தத் தகடு மட்டும் வேணாமே. குளிக்க வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

"ஒரு மாதிரின்னா?"

"போன பிள்ளை பேரைத் தினம் பார்க்கணுமான்னு கேக்கறாங்க. என் பொண்ணு வேற எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, வண்டு யாருப்பாங்கறா. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பா எடுத்துக்கல. நானே திருகாணியைக் கழட்டித் தகட்டைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல சொன்னதுக்கு என் பொண்டாட்டி, "விட்டுத் தொலைங்க, அவன் என்ன தகட்டுலயா இருக்கான்?"ன்னா. அவளுக்கு எதையும் விட்டுடணும். அவன் சட்டையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தவ அவ. நாலு நாள் அவகூட முகம் கொடுத்துப் பேசல.

அப்புறம் நிதானமா யோசிச்சேன். கதவு வேணும், பேர் மட்டும் வேணாம்னா எப்படி? அது தானா மூடுறதே என் பிள்ளை செத்ததாலதான். அவன் வேணாம்னா அதுவும் வேணாம். நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு. அடுத்த தடவை எண்ணெய் போடப் போனப்போ கதவை இழுத்து மூடற ஸ்பிரிங்கை ரெண்டு சுத்துத் தளர்த்தினேன். தூரத்துலேருந்து பார்த்தா மூடின மாதிரியே இருக்கும். ஆனா நாலு விரல் இடைவெளியில நின்னுடும், தாழ் விழாது. கண்ணு இருக்கறவங்க யாரும் அதைப் பார்க்கலாம், இழுத்து மூடலாம். முழுசா ஒரு வாரம் விட்டேன். தோள்ல துண்டும் காதுல போனுமா எத்தனையோ பேர் போனாங்க, வந்தாங்க. ஒருத்தரும் இழுக்கல. இவங்களுக்குத்தான் என் பிள்ளை பேர் கண்ணை உறுத்துச்சு.

போன வியாழக்கிழமை காலையில செயலாளர் பொண்ணு தவறிடுச்சு. நாலு வயசு. நான் யாரையும் தொடல சார், அதை முதல்ல எழுதிக்குங்க. துக்கத்துக்குப் போனேன். அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. "இது உங்களுக்குத்தான்ணே புரியும்"ன்னு அழுதார். எனக்கும் அழுகை வந்துடுச்சு. ஒரே வாரத்துல ஆறு குடியிருப்புலேருந்து கதவு கேட்டாச்சு, தகட்டோடதான் வேணுமாம். வண்டு எப்படி இருப்பான், என்ன பேசுவான்னு ஆளாளுக்கு விசாரிக்கறாங்க. மனசு குளிர்ந்துது.

அப்போ நான் எங்க இருந்தேன்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. அங்கேதான் இருந்தேன், கதவு பக்கத்துல. இன்னும் அப்படியே நிக்குதான்னு பார்க்கப் போயிருந்தேன். அந்தப் பொண்ணு தனியாத்தான் வந்தா, கையில ஒரு சின்ன வாளி. கதவு திறந்து கிடந்தும் உள்ள போகல, அப்படியே நின்னுட்டா. தண்ணிகிட்டப் போகணும்னா பெரியவங்க யாரையாவது கேட்டுட்டுத்தான் போகணும்னு வீட்டுல சொல்லிக் கொடுத்திருப்பாங்க போல. "மாமா, உள்ள போகட்டுமா?"ன்னு என்னைக் கேட்டா.

போம்மான்னேன்.