கண்ணாடி ஏத்தின வண்டி

– அதெல்லாம் விடுங்க மேடம், சிங்கம் கட்டாயம் கண்ணுல படுமா, படாதா? முதல்ல அதச் சொல்லுங்க.

– சார், அது காடு. சிங்கத்தோட நாம நேரம் குறிச்சு வச்சுக்க முடியாதே. ஆனா நான் அனுப்பி வச்சவங்க யாரும் சிங்கம் பாக்காம திரும்பி வந்ததில்ல. யானை கூட்டம் கூட்டமா இருக்கும். ஒட்டகச்சிவிங்கி தெருநாய் மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் நிக்கும். காண்டாமிருகமும் சிறுத்தையும்தான் கொஞ்சம் நம்ம அதிர்ஷ்டத்தப் பொறுத்தது.

– கேட்டியா கண்ணு? யானை கூட்டம் கூட்டமா! இவளுக்குத்தான் மேடம் இந்த ஆசையெல்லாம். நான் குளியலறை டைல்ஸ் விக்கிறவன். கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. போன வருஷத்துலேருந்து ஒரே பாட்டு, ஆப்பிரிக்கா போகணும், யானை பாக்கணும்னு. பொண்டாட்டி வாயத் திறந்து ஒண்ணு கேட்டா செய்யாம இருக்க முடியுமா?

– குடுத்து வச்சவங்க மேடம் நீங்க.

– ம்.

– இவ அப்படித்தான், அதிகம் பேச மாட்டா. நீங்க எதுவா இருந்தாலும் என்கிட்டயே கேளுங்க.

– சரி சார். காட்டுக்குள்ள போறதுக்கு ரெண்டு வகை வண்டி இருக்கு. மேல திறந்த ஜீப்புன்னா எழுந்து நின்னு பாக்கலாம். காத்து முகத்துல அடிக்கும், மேடத்துக்கு ரொம்பப் பிடிக்கும்.

– திறந்த வண்டி வேணாம்.

– ஒண்ணும் ஆகாது சார். அதுங்க அதுங்க பாட்டுக்குப் போகும்.

– நான் சொல்றேன் கேளுங்க. கண்ணாடி ஏத்தின வண்டி. கதவெல்லாம் டிரைவர் பக்கத்துலேருந்து பூட்டற மாதிரி. இவளுக்கு மிருகத்தக் கண்டா நிதானமே இருக்காது மேடம். ஒருநாள் நடு ரோட்டுல கார் கதவத் திறந்துட்டு ஓடிட்டா. என்னன்னு பாத்தா, அடிபட்ட ஒரு நாய். அன்னைக்கே பின் கதவுல பூட்டு மாட்டிட்டேன், குழந்தைங்களுக்கு மாட்டுவாங்களே, அது.

– நாய் இல்ல.

– என்ன கண்ணு?

– கழுதை. குட்டி போட முடியாம கிடந்தது.

– சரி, கழுதை. நாயா இருந்தா என்ன, கழுதையா இருந்தா என்ன, ரோடு ரோடுதானே? நீங்க எழுதிக்கங்க மேடம், கண்ணாடி ஏத்தின வண்டி.

– ஆகட்டும் சார். தங்கறதுக்குக் கூடாரம். கூடாரம்னா பயந்துடாதீங்க, உள்ள கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. டைல்ஸ் எப்படின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். சுத்தி மின்வேலி போட்டிருப்பாங்க. வேலி மிருகத்துக்குன்னு நினைக்காதீங்க. அதுங்க ஊர் பூரா சுத்தும், நாமதான் சார் உள்ள.

– அப்படிப் போடுங்க! இருட்டினப்புறம் யாரும் வெளிய போக முடியாதுல்ல?

– காவலாள் கூட வராம ஓரடி எடுத்து வைக்க விடமாட்டாங்க.

– பிரமாதம். அந்த இடத்தையே போடுங்க.

– பாஸ்போர்ட் கொண்டு வந்திருக்கீங்களா சார்?

– ரெண்டும் இதோ. கடை லாக்கர்லதான் வச்சிருப்பேன். வீட்ல வச்சா இவ எங்கயாவது தொலைச்சிடுவா.

– விசாவுக்குன்னு உள்ள வச்சிருக்கற போட்டோல மேடத்தோடது சரியா இருக்கு. சார், உங்க போட்டோல மூக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க. இதச் சேத்துக்க மாட்டாங்க. எதிர்ல ஒரு ஸ்டுடியோ இருக்கு, இப்பவே எடுத்துத் தந்துடுவான்.

– அப்ப எழுந்திரு கண்ணு.

– அவங்க எதுக்கு சார்? திரும்பவும் அவ்வளவு படி ஏறணும். ஏசியில உக்காந்திருக்கட்டுமே.

– இல்ல, இவ தனியா... சரி. ஏறி வந்ததுலேருந்து மூச்சு வாங்கிட்டுத்தான் இருக்கா. நீ இங்கயே இரு. எழுந்து எங்கயும் போகாத, நான் எதிர்லதான் இருக்கேன். உன் போன் என்கிட்ட இருக்கட்டும். மேடம், கொஞ்சம் பாத்துக்கங்க. உங்க முதலாளி நமக்கு ரொம்ப வேண்டியவர், தெரியும்ல?

– தெரியும் சார். போயிட்டு வாங்க.

– ...

– மேடம், குடிக்கத் தண்ணி தரட்டா?

– அவர் இறங்கிட்டாரா?

– இறங்கிட்டார். ரோட்டத் தாண்டறார். இதோ, திரும்பி மேல பாக்கறார். கையாட்டறார்.

– நீங்களும் ஆட்டுங்க. சிரிச்ச முகமா ஆட்டுங்க. ஸ்டுடியோக்குள்ள போனதும் சொல்லுங்க.

– போயிட்டார். என்ன மேடம் விஷயம்?

– இந்தப் பாஸ்போர்ட் எத்தன நாள் உங்ககிட்ட இருக்கும்?

– இதுவா? நகல் எடுத்துட்டு இப்பவே சார்கிட்ட குடுத்துடுவேன்.

– இப்பவேவா?

– விசாவெல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடுது மேடம். ஒரிஜினல் யாரும் கேக்கறதில்ல.

– கேக்கறதில்லயா...

– என்ன மேடம், முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

– கொஞ்ச நாளாவது உங்க மேஜையில இருக்கும்னு நினைச்சேன். எப்படியாவது வந்து கெஞ்சி வாங்கிடலாம்னு. அந்த லாக்கரத் திறக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல. அதுக்குத்தான் ஒரு வருஷமா யானை யானைன்னு அவர் உயிர வாங்கினேன்.

– எனக்குப் புரியல. உங்க பாஸ்போர்ட்ட நீங்களே கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?

– கேட்டேன். உனக்கு எதுக்கு கண்ணுன்னார்.

– தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சார் உங்களத் தாங்கு தாங்குன்னு தாங்கறார். எனக்கு வாய்ச்சவர், நான் சாப்பிட்டேனான்னுகூட ஒருநாள் கேட்டதில்ல.

– எல்லாரும் இதான் சொல்றாங்க. எங்கம்மாகூட இதான் சொன்னாங்க.

– அடிப்பாரா?

– போலீஸ் ஸ்டேஷன்லயும் இதேதான் கேட்டாங்க. இல்லன்னேன். ஒரு தடவகூட கை ஓங்கினதில்ல, பொய் சொல்ல மனசு வரல. அப்ப வீட்டுக்குப் போம்மான்னுட்டாங்க. அவரே வந்து கூட்டிட்டுப் போனார். திட்டல. வர்ற வழியில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தார்.

– அப்புறம் என்னதான் மேடம் குறை?

– எங்க வீட்டு வெளிக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியதான். கடைக்குப் போறப்ப பூட்டிட்டுப் போவார். திருடன் வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு அவருக்குக் கவலை. காய்கறி ஜன்னல் கம்பி வழியா வரும். நல்ல காய்தான் வரும்.

– ஐயோ.

– நான் மாட்டு டாக்டர்.

– என்னது?

– மிருகங்களுக்கு வைத்தியம் பாக்கறவ. தோள் வரைக்கும் கைய விட்டு, மாட்டிக்கிட்ட கன்னுக்குட்டியத் திருப்பி வெளிய எடுத்திருக்கேன். யானைக்குப் பாதத்தக் கீறி சீழ் எடுத்திருக்கேன், அது காலத் தூக்கி என் மடியில வச்சுட்டு பேசாம நின்னுச்சு. கல்யாணம் ஆன புதுசுலயும் வேலைக்குப் போயிட்டுதான் இருந்தேன். ஒருநாள், உன்மேல மாட்டு வாசன வருது கண்ணுன்னார். சிரிச்சுட்டேதான் சொன்னார். அப்புறம், நீ போற பஸ் சரியில்ல. அப்புறம், கூட வேலை பாக்கறவங்க சரியில்ல. அப்புறம், உன் போன்ல எவனோ கூப்பிடறான். ஒவ்வொண்ணா. எந்த இடத்துல நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன், பிடிபடவே மாட்டேங்குது.

– பாஸ்போர்ட் கெடைச்சா எங்க போவீங்க?

– கூடப் படிச்சவ வெளிநாட்டுல மிருக ஆஸ்பத்திரி நடத்தறா. பக்கத்து வீட்டு அக்கா கம்பி வழியா அவங்க போனை நீட்டுவாங்க, அதுலதான் பேசுவேன். வேலைக்கு எடுத்துட்டா. என்கிட்ட இருந்த பழைய பாஸ்போர்ட் நகல வச்சே அந்த நாட்டுல வேலை அனுமதியும் வாங்கிட்டா. டிக்கெட்டும் தானே போடறேங்கறா. இது ஒண்ணுதான் இல்ல. இதோ, கைக்கெட்டற தூரத்துல கிடக்கு. எடுத்துட்டு ஓடிடலாம்னு கை பரபரங்குது.

– எங்க ஓடுவீங்க? இந்த மாடிக்குப் படி ஒண்ணுதான். படி இறங்கினா எதிர ஸ்டுடியோ.

– தெரியும். அதான் உக்காந்தே இருக்கேன்.

– மேடம், மன்னிச்சிடுங்க. எங்க முதலாளியும் சாரும் காலையில ஒண்ணாத்தான் நடக்கப் போறாங்க. நான் ஏதோ பண்ணேன்னு காதுல விழுந்தா சாயங்காலமே என்ன வீட்டுக்கு அனுப்பிடுவார். என் பொண்ணோட படிப்பு, குடியிருக்கற வீடு எல்லாமே இந்த நாற்காலிய நம்பித்தான் இருக்கு.

– தெரியும்மா.

– ஊரையெல்லாம் சிங்கம் பாக்க அனுப்பறேன், நான் அடுத்த ஊருக்குக்கூட போனதில்ல. என்னால என்ன முடியும், சொல்லுங்க?

– ஒண்ணும் வேணாம். கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.

– மேடம், அவர் வெளிய வந்துட்டார். கண்ணத் தொடைங்க.

– நான் அழல. ஏதாவது பேசுங்க. ஒட்டகச்சிவிங்கியப் பத்திச் சொல்லுங்க.

– இப்பவா?

– ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தா அவருக்குச் சந்தேகம் வரும். சொல்லுங்க.

– அது... ஒட்டகச்சிவிங்கி நின்னுட்டேதான் குட்டி போடும் மேடம். அவ்வளவு உசரத்துலேருந்து குட்டி தலைகீழா விழும்.

– விழுந்து?

– விழுந்து கொஞ்ச நேரத்துல எழுந்து நிக்கும். கால் தள்ளாடும், திரும்ப விழும், திரும்ப நிக்கும்.

– ஆமா. நின்னுதான் ஆகணும். நிக்கலன்னா...

– என்ன கண்ணு, படிவரைக்கும் பேச்சுச் சத்தம் கேக்குது? எனக்குத் தெரிஞ்சு இவ இவ்வளவு பேசினதே இல்ல மேடம், என்ன மந்திரம் போட்டீங்க?

– ஒட்டகச்சிவிங்கிதான் சார்.

– பாருங்க, என் மூஞ்சிய எப்படி எடுத்து வச்சிருக்கான். திருடன் மாதிரி இருக்கேன்.

– பாஸ்போர்ட் போட்டோல எல்லாரும் அப்படித்தான் சார்.

– பாஸ்போர்ட் வேலை முடிஞ்சுதா? குடுங்க, உள்ள வைக்கிறேன்.

– ஒரு நிமிஷம் சார், நகல் எடுத்துடறேன். ஆச்சு. இந்தாங்க.

– ரெண்டும் இருக்குல்ல? இருக்கு. ஏன் கண்ணு வாட்டமா இருக்க? ஆப்பிரிக்காவுக்கே கூட்டிட்டுப் போறேன், இன்னும் என்ன?

– ஒண்ணுமில்லங்க.

– அப்பக் கிளம்பறோம் மேடம்.

– சரி சார்.

– எழுந்திரு கண்ணு.

– சார்!

– என்ன?

– ஊசி சார்.

– என்ன ஊசி?

– மஞ்சள் காய்ச்சல் ஊசி. சொல்ல மறந்தே போயிட்டேன். அது போடாம அந்தப் பக்கம் விமானத்துல ஏத்த மாட்டாங்க.

– அவ்வளவுதானே? எங்க டாக்டர வீட்டுக்கே வரச் சொல்லிடறேன்.

– இது வீட்ல போட மாட்டாங்க சார், அரசாங்கத்து இடத்துலதான். அங்க ஒரிஜினல் பாஸ்போர்ட் கேப்பாங்க.

– கொண்டு வர்றேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணா முடிச்சுடலாம்.

– ஒண்ணா விட மாட்டாங்க சார். அவங்கவங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்க கையில வச்சுட்டு, தனித்தனியாத்தான் உள்ள போகணும்.

– நான் புருஷன் மேடம்.

– மந்திரியே வந்தாலும் வெளிய நிக்க வச்சுடுவாங்க சார்.

– இவளால தனியா முடியாது. தெரியாத இடத்துல தவிச்சுப் போயிடுவா.

– நான் கூடப் போறேன்.

– நீங்களா?

– பொம்பளைங்கன்னா நான் உள்ள கூட்டிட்டுப் போறது வழக்கம்தான் சார். ஊசி போட்டதும் மயக்கம் வருதான்னு உக்கார வச்சுப் பாப்பாங்க, சட்டுன்னு அனுப்ப மாட்டாங்க. இன்னும் வரலயேன்னு நீங்க பதறக் கூடாது.

– பாருங்க, ஊசின்னதும் எழுந்தவ திரும்ப உக்காந்துட்டா. ஊசிக்குப் போய் பயப்படறா மேடம்.

– ரொம்ப வலிக்குமா?

– வலிக்கும் மேடம். ஆனா தாங்கிக்கலாம்.

– இருங்க, இருங்க. அந்தக் கட்டடத்துக்கு எத்தன வாசல்?

– ஏன் சார்?

– நான் எங்க நிக்கணும்னு தெரியணும்ல? ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல இவளக் கைநழுவ விட்டுட்டு, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

– ஒரே வாசல்தான் சார். போன வழியாத்தான் திரும்பி வரணும். வாசல்ல பெரிய மரம் இருக்கு, நிழல்ல கார நிறுத்திட்டு உக்காந்திருங்க.

– அப்பச் சரி. திங்கக்கிழமையே முடிச்சுடலாம். சும்மா சொல்லக் கூடாது மேடம், பொறுப்பா எல்லாம் சொல்றீங்க. உங்க முதலாளிகிட்ட சொல்லி வைக்கிறேன்.

– சொல்லுங்க சார்.

– நான் போய்க் காரத் திருப்பி நிறுத்தறேன். நீ கைப்பிடியப் பிடிச்சுட்டு மெதுவா இறங்கி வா கண்ணு. படி வழுக்கும்.

– சரிங்க.

– ...

– மேடம், இறங்குங்க. கீழ பாத்துட்டு நிப்பார்.

– ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த இடத்துக்கு ஒரே வாசல்தானா?

– ரெண்டு.