மேசையைத் தட்டியது யார்

அன்று அத்திப்பழ ஜாம் மிக நன்றாக வந்திருந்தது. எங்கள் மடமே காலையிலிருந்து குதூகலமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம், ஐயா.

நாங்கள் பெனடிக்ட் சபைக் கன்னியர். சாப்பிடும்போது பேசமாட்டோம். ஒருத்தி மேடையில் நின்று வாசிப்பாள். மற்றவர்கள் சைகையால் உப்பு கேட்பார்கள். தலைவி யுஸ்டினா தாயார் மேசையைத் தட்டினால்தான் வாசிப்பு நிற்கும். அன்றைய முறை என்னுடையது. மடத்தையும் நூலகத்தையும் பற்றி நான் எழுதிவரும் வரலாற்றைத்தான் வாசித்தேன்.

நூலகம் என் பொறுப்பு. அதைத் தலைநகருக்குக் கொண்டுபோகக் கிர்ஷேவன் என்ற அதிகாரி வந்திருந்தார். மறுநாள் படகில் எல்லாப் புத்தகங்களும் போய்விடும். கலகலப்பான மனிதர். உணவு மணிக்குச் சற்று முன்புகூட என்னைச் சீண்டினார்.

"சிஸ்டர் பெலாகியா, இந்தப் புத்தகங்கள உங்களவிட புழுதான் அதிகமா படிச்சிருக்கு."

"புழு எதையும் திருப்பித் தர்றேன்னு பொய் சொல்றதில்லையே, சார்."

"அம்மாடி, இந்த வாய்க்குப் போயி மௌன விரதமா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அது சாப்பாட்டு அறைக்கு நேர் கீழே, புத்தகப் புழுவைக் கொல்ல விஷப்புகை போடும் அறையின் இரும்புக் கதவு. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுபடி உள்ளே போனார். நான் வாசிக்க மேலே வந்தேன்.

எங்கள் வரலாறு வேடிக்கையானது. புத்தகங்களை அள்ளிப்போன கடற்கொள்ளையர்களைக் காற்று பாறையில் மோதவைத்தது; பெட்டிகள் மட்டும் கரை ஒதுங்கின. பிரெஞ்சுக் கேப்டன் ஒருவன் எங்கள் சிப்பிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, புத்தகம் ஏற்றிய வண்டியை அப்படியே விட்டுப் புதருக்குள் ஓடினான். சமையல்கார சிஸ்டர் திஹோமிரா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அள்ள வந்தவர்களை எல்லாம் ஏதோ ஒன்று தடுத்தே வந்திருக்கிறது. இம்முறை காற்றும் வரவில்லை, வயிற்றுப்போக்கும் வரவில்லை.

அப்போது தட்டும் ஓசை கேட்டது. எல்லோரும் தாயாரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஒன்றில் ஜாம் கரண்டி இருந்தது. மேசை முழுவதும் அடக்கிய சிரிப்பில் குலுங்கியது. மறுபடி தட்டல். திஹோமிரா சுத்தியலால் அடிப்பதுபோலச் சைகை செய்தாள்: கிர்ஷேவன் பெட்டிக்கு ஆணி அடிக்கிறார். வாரம் முழுவதும் அடித்துக்கொண்டுதானே இருந்தார். எனக்கும் சிரிப்பு முட்டியது. குரலை உயர்த்தினேன்.

வெறுப்பு இருந்ததா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், ஐயா. இல்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வயிறு லேசாகுமே, அதுதான் இருந்தது. கொள்ளைநோய்க் காலத்தை வாசிக்கும்போது தட்டல் தளர்ந்தது. புதுக் கூரை போட்ட பகுதிக்கு வந்தபோது நின்றுவிட்டது. தாயார் இன்னும் கொஞ்சம் ஜாம் போட்டுக்கொண்டு, சாவகாசமாக மேசையைத் தட்டினார். அந்தக் கணமே நிறுத்தினேன்.

ஆமாம், கதவைப் பூட்டியது நான். புகைக் குழாயைத் திறந்துவிட்டதும் நான். அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் முதல் தட்டல் கேட்டதுமே ஏன் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை.

தட்டியது தாயார் இல்லையே, ஐயா.