முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை சார். புது வண்டி எடுத்தால் நாங்களும் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவோம்.

திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆரம்பத்திலிருந்தே நான்தான் சைகைக்காரன். இஞ்சின் கிளப்பும்போது ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு எதிரே நிற்பேன். உள்ளே இருப்பவருக்கு விமானத்தின் மூக்குக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆள் இல்லை என்று பார்த்து நான் கட்டைவிரலைத் தூக்கினால்தான் மூக்கிலிருக்கிற காத்தாடி சுற்றும்.

தேவா எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன். சிரித்த முகம். அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பழத்தோடு வருவான். முன்கூட்டியே வைத்தால் உருண்டுவிடும் என்று, பைலட் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்சக்கரத்தடியில் வைப்பான். அந்தச் சக்கரம் காத்தாடியை ஒட்டினாற்போல் இருக்கிறது. எத்தனையோ முறை எச்சரித்தேன்.

"அம்மா பாத்துக்கும்ணே. நீ ஏன் பேஜாராவுற?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். மேனேஜர் கோதண்டபாணியும் சிரிப்பார். சிரித்துவிட்டு ஒருநாள், வயதாகிவிட்டது, இனி சைகைக்குத் தேவா நிற்கட்டும், நீ விமானம் கழுவு என்றார். எனக்கு வருத்தமில்லை. அன்று சோறு இறங்கவில்லை, அது வாயுவாக இருக்கும்.

பட்டால்தான் தெரியும் என்பார்கள். மறுநாள் காலை பானுப்ரியா என்ற மாணவி விமானத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவா பழத்தோடு குனிந்துகொண்டிருந்தான். அவள் ஜன்னலைத் திறந்து முறைப்படி கேட்டாள்.

"முன்னாடி யாரும் இல்லல்லண்ணே?"

"யாரும் இல்லம்மா. ஸ்டார்ட் பண்ணிக்கோ."

கட்டைவிரலைத் தூக்கினேன். அவனுடைய நீலச் சட்டை முதுகு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அவள் கேட்கவே இல்லை என்று விசாரணையில் சொன்னேன். அழுதாள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். சின்னப் பெண், மறந்துவிடுவாள்.

இனி ஒருவனும் காத்தாடிப் பக்கம் போக மாட்டான் என்று நம்பினேன். ஆனால் அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பேசிக்கொண்டார்கள். இப்போது தினமும் குனிந்து பழம் வைக்கிறார்கள், பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து. ஒரு உயிர் போயும் புத்தி வரவில்லை. அது அம்மன் இல்லை, நான் என்று தெரிந்தாலாவது திருந்துவார்களே என்றுதான் நானாக உங்களிடம் வந்தேன்.

அன்று ஜாக்கெட் தேவாவிடம்தானே இருந்தது என்கிறீர்கள். உண்மைதான், சைகைக்கு அவனுக்கு அதுதான் முதல் நாள். பழம் வைக்கப் போகும்போது கழற்றி என் கையில் கொடுத்தான்.

"கொஞ்சம் புடிச்சிக்கினு இருண்ணே, புதுசு, அழுக்காயிடும்."

அதைப் போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டிய பிறகே விரலைத் தூக்கினேன். ஜாக்கெட் இல்லாமல் சைகை காட்டுவது விதிமீறல் சார்.