கவனக்குறைவு என்று எழுத வேண்டாம்

பழைய காரை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வருவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொன்னால் பலர் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்க்கிற பொருள் என்றுதான் நினைக்கிறார்கள். என் வண்டி என்னைவிட இரண்டு வயது இளையது. அதற்கு ஐம்பது முடிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக மழை பனி பார்க்காமல் என்னை ஏற்றிக்கொண்டு போகிறது. எஞ்சின் பின்னால் இருக்கிறது, காற்றிலேயே குளிர்ந்துகொள்கிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. இல்லாத ரேடியேட்டர் ஒழுகாது, பாருங்கள். எண்ணெயை நேரத்துக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் வால்வுகளின் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். விசிறி பெல்ட் ஒன்று டிக்கியில் உபரியாகக் கிடக்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் புது வண்டி வாங்கிவிட்டுத் தவணையோடு மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு ஒரு ஸ்பானர் செட்டும் ஞாயிறு காலையும் போதும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வக்கீல் நேற்று வந்து எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "பழைய வண்டி சார். எங்க துரு, எங்க ஓட்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த வண்டியில் எந்த நட்டு எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே அப்படி எழுத வேண்டாம். நடந்ததை நானே சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் விற்பனை, பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன் நான். வாடிக்கையாளரோடு பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. திருமணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தைகள் இல்லை.

அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபது. அவர்தான் என்னைப் படிக்க வைத்தார், சோறு போட்டார். அதை நான் மறந்ததே இல்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பேரை மேய்த்த குரல். வீட்டில் மேய்ப்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு போகவில்லை. மருத்துவர் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார்.

தினமும் காலையில் பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஆற்றைத் தாண்டி முக்கால் மணி நேரப் பயணம். கடை பத்தரைக்குத்தான் திறக்கும் என்பதால் நான் ஒப்புக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தெருவில் எல்லோரும், "தம்பின்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார்கள்.

அண்ணன் பின் இருக்கையில்தான் உட்காருவார். அலுவலகக் காரில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவர். முன்னால் ஏறச் சொன்னால், "நான் என்ன கிளீனரா?" என்பார். போர்வையைப் போர்த்தி, பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவேன். தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"இந்தத் தகர டப்பாவ விட்டா உனக்கு வேற கதி இல்ல, இல்லடா? எட்டாங் கிளாஸ்ல கணக்குல ஃபெயிலு. ஞாபகமிருக்கா? அப்பவே தெரியும் எனக்கு. ஒரு வேலையில நிலையா நிக்கல. ஒரு பொண்ணு அமையல. கண்ணாடி தேய்க்கிற. நான் இல்லன்னா நீ நடுத்தெருவுலதான்."

கோபத்தில் சொல்வது இல்லை, வேடிக்கையாகத்தான் சொல்வார். ஒவ்வொரு காலையும் முக்கால் மணி நேரம். திரும்பும்போது இன்னொரு முக்கால் மணி நேரம். என் எஞ்சின் சத்தமான எஞ்சின், ஆனாலும் அவர் குரல் அதை மீறிவிடும். நான் பதில் சொன்னதில்லை. பதில் சொல்கிற ஆள் இல்லை நான்.

குளிர்காலம் தொடங்கியபோது வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வேலையை நானே செய்துகொள்வேன் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை தூக்கி நிறுத்தி அடியைப் பார்ப்பது வழக்கம். இந்த மாதிரி வண்டியில் ஹீட்டர் என்று தனியாக எதுவும் இல்லை. புகை போகும் சூடான குழாயைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும்; குழாயும் உறையும் சேர்ந்ததைப் பெட்டி என்போம். அந்த உறைக்குள் ஓடி வரும் காற்றுதான் உள்ளே வந்து நமக்குக் கதகதப்பு தரும். என் வண்டியில் அது பின் இருக்கைக்கு அடியில் வாய் திறக்கும். கைப்பிரேக் பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகினால் வரும், எதிர்ப்பக்கம் திருகினால் நிற்கும்.

மெக்கானிக் விளக்கை அடியில் பிடித்து எனக்கே காட்டினார். "உள்ள குழாய் அரிச்சுப் போச்சு சார். புகை நேரா ஆள் மேல வரும். வாசனைகூடச் சரியாத் தெரியாது. புதுப் பெட்டி வர்ற வரைக்கும் அந்தக் குமிழத் தொடாதீங்க."

"தொட மாட்டேன்" என்றேன். அன்றே புதுப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன், ஒன்பது நாள் வரைக்கும்.

பத்தாம் நாள் நல்ல பனி. அண்ணன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன, அதோடுதான் பேசிக்கொண்டிருந்தார். குளிர்கிறது என்று அவரே சொன்னார். குமிழைப் பாதி திருகினேன். என் பக்கத்துக் கதவிலுள்ள சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெட்ரோல் பங்க் தாண்டியபோது அவர் குரல் தணிந்தது. பாலம் வரும்போது தூங்கிவிட்டார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் எஞ்சின் ஓடுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான்கு சிலிண்டரும் ஒரே சீராக அடித்தன. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அதைக் கேட்டேன்.

அதன்பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. அளவோடுதான். பாலத்துக்கு முன்னால் மூடிவிடுவேன், கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிடுவேன். இறங்கும்போது தலை வலிக்கிறது என்பார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். பயிற்சி கொடுக்கும் பெண், "ஏன் இப்படிச் சோர்ந்து போறார்? நடுவுல நல்லா முன்னேறிட்டு வந்தாரே" என்று கேட்டாள். பனிக்காலம் என்றேன். அண்ணனுக்கே அந்தத் தூக்கம் பிடித்துப்போயிற்று. "இத்தன வருஷத்துல இப்பதான்டா உன் வண்டி உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்று ஒருநாள் சொன்னார். அவர் வாயிலிருந்து என் வண்டிக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்.

புதுப் பெட்டி மூன்றாம் வாரமே வந்துவிட்டது. என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். மாட்டுவதற்கு அரை நாள் வேலை. அவசரம் என்று தோன்றவில்லை.

இனி அந்த வியாழக்கிழமை. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தர வேண்டும், மனைவியை அழைத்து வாருங்கள் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணி புறப்பட்டு வந்தார். அவர் என்னிடம் என்றும் கடிந்து பேசியது இல்லை. நான் வர நேரமானால் தட்டை மூடி வைத்திருப்பார். அவர் பின் கதவைத் திறந்ததும், "முன்னாடி உட்காருங்க அண்ணி, வசதியா இருக்கும்" என்றேன்.

"பரவால்ல தம்பி. அவருக்குத் தலை சாயுது. நான் பக்கத்துல இருந்து பிடிச்சிக்கறேன்."

"இல்ல அண்ணி, முன்னாடி வாங்க" என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாலத்தில் வேலை நடந்தது. ஒரு பக்கத்தை மூடியிருந்தார்கள். ஆற்றுப் பனி எழுந்து, முன்னால் நிற்கும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வண்டிகள் நகரவில்லை. அன்று அதுவரை நான் குமிழைத் தொடவே இல்லை. அண்ணிதான் கேட்டார்.

"தம்பி, இவருக்கு விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. சூடு வரும்னு சொல்வாரே, அதக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று வரைக்கும் வந்ததே என்று அண்ணன் கேட்பார். பிறகு அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கால் பங்கு திருகினேன். கால் பங்குதான்.

அண்ணனுக்கு அன்று கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். அண்ணி, "விடுங்க, பாவம்" என்றார். அவர் விடவில்லை. எனக்கு முப்பது வயதில் நிச்சயமாகி நின்றுபோன கல்யாணத்துக்கு வந்தார். பெண் வீட்டார் காரணம் சொல்லாமல் விலகிவிட்டார்கள் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும்.

"அவங்களா எங்க விலகினாங்க? நான்தான் போய்ச் சொன்னேன். இவனுக்கு வாயும் இல்ல, துப்பும் இல்ல, உங்க பொண்ண ஏன் பாழுங்கெணத்துல தள்றீங்கன்னு. நல்லதுதான் பண்ணேன். என்னடி, நீயும்தான கூட வந்த?"

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி என் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். அண்ணன் இன்னும் ஏதோ சொன்னார்; அந்தப் பெண்ணின் அப்பா முகம் போன போக்கை நடித்துக் காட்டினார் என்று நினைக்கிறேன். அண்ணி சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பு.

குமிழை முழுக்கத் திருகினேன்.

சிரித்ததற்காக என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. குளிர் அதிகமாகியிருந்தது.

"உங்க பக்கம் கண்ணாடி திறந்திருக்கே தம்பி, சூடெல்லாம் போயிடாதா?" என்று அண்ணி கேட்டார். முன் கண்ணாடியில் ஆவி படிகிறது அண்ணி என்றேன். சரி என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான், "சரி".

நாற்பது நிமிடம் நின்றோம். எஞ்சினை அணைக்கவில்லை. நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஓடினாலும் என் வண்டி பனிக்காலத்தில் சூடேறாது. முதலில் அண்ணன் குரல் நின்றது. சற்று நேரம் கழித்து அண்ணியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர்களை அப்படி ஒருவரோடு ஒருவர் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. எழுப்ப மனம் வரவில்லை. லாரி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பாலத்துக்கு முன்னால் மூடுவேன் என்று சொன்னேனே, அன்று பாலத்தின் மேலேயே இருந்தோம். மூடவில்லை. மறந்துபோகவில்லை. குமிழ் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. இரண்டு முறை அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

பக்கத்தில் பெரிய மருத்துவமனை இருந்ததே, ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டீர்கள். அன்று நாங்கள் போக வேண்டிய இடம் நிலையம். ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். பயிற்சி கொடுக்கும் பெண்தான் சக்கர நாற்காலியோடு வந்து கதவைத் திறந்தாள். அவள் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் முகம் நல்ல நிறத்தோடு, உடம்பு தேறியவர் மாதிரி இருந்தது. அவர் போய்விட்டார் என்றார்கள். அண்ணிக்கு மூச்சு இருந்தது.

சனிக்கிழமை புதுப் பெட்டியை மாட்டினேன். மெக்கானிக் என்னவோ துக்கம் கேட்க வந்தவர், நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்தார். கழற்றிப் போட்ட பழைய பெட்டியையும் பார்த்தார். "இத இன்னுமா சார் மாத்தாம வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். புதுசு வந்து இரண்டு மாதம் ஆயிற்று என்று சொன்னேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது. அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை; ஒழுங்கான தொழிலாளி.

கொல்ல நினைத்தாயா என்று நேற்றிலிருந்து ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்தே திருகினேன், தெரிந்தே மூடாமல் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வண்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் வளாகத்தில் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு தார்ப்பாயாவது போட்டால் நல்லது.

இன்னொன்று. அண்ணியை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். கை கால் சரியாக வரவில்லை, தினமும் காலையில் அதே நிலையத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வழி எனக்குத் தெரியும். பெட்டியும் புதுசு, இனி பயமில்லை. காலையில் மட்டும் என்னை விட முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். அண்ணிக்கு இனிமேல் பேச்சு வராது என்கிறார்கள். அதனால் எனக்குச் சிரமம் ஒன்றும் இருக்காது.