கிழங்குச் சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. அச்சடித்த மாதிரி என்பார்கள். அதனால்தான் பண்ணையில் நாற்றோடு கொடுக்கும் பயிர்முறைச் சீட்டு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கடல் கடந்து போய்ப் புதுப் பயிர்களைத் தேடிக் கொண்டுவருபவன் என் தம்பி. அவன் அனுப்பும் விதையிலும் தண்டிலும் பாதி, வழியிலேயே அழுகிவிடும். மிச்சத்தைக் கண்ணாடிக் கூடத்தில் வைத்துப் பிழைக்கவைத்தவன் நான். இருபத்திரண்டு வருடம். ஆனால் ஊருக்கு அவன்தான் 'விதைக்காரர்'. கடைக்குப் போனால், "நீங்க விதைக்காரரோட அண்ணன்தானே?" என்பார்கள். அவன் கடிதங்களை என் மனைவி சாப்பிடும்போது உரக்கப் படிப்பாள். என் மகள், "நான் சித்தப்பா மாதிரி ஆகணும்ப்பா" என்று என்னிடமே சொன்னாள். வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

முந்தின வருடம் மழை பொய்த்தது. வறட்சி தாங்கும் கிழங்கு ஒன்றின் தண்டுகளை அனுப்பினான். மாதிரிக்கு நாலைந்து கிழங்கும் இருந்தது. கூடவே கடிதம். இதோ, நீங்களே பாருங்கள். "அண்ணா, இது கசப்பு ஜாதி. தோலை உரிச்சு, மூணு நாள் ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி, அப்புறம்தான் வேகவைக்கணும். இல்லன்னா விஷம். சீட்டுல இதையே முதல் வரியா எழுது."

அவன் எதையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்லுவான். அதனால் சோதித்துப் பார்த்தேன். நான் வளர்த்த முயல்களுக்கு ஊறவைக்காமல் அவித்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மூன்றும் விறைத்துக் கிடந்தன. புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

தண்டு வாங்கிப்போகும் வீட்டுக்கு ஒன்றாக முந்நூறு சீட்டு. எவ்வளவு இடைவெளியில் நடவேண்டும், எத்தனை மாதத்தில் தோண்டலாம், எல்லாம் எழுதினேன். பொய் ஒரு சொல்கூட இல்லை. அந்த வரியை மட்டும் எழுதவில்லை. அடியில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

அறுவடை வாரத்தில் பத்தொன்பது பேர் செத்தார்கள். பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

தம்பியை வரவழைத்து விசாரித்தீர்கள். சீட்டைக் கையில் கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். படித்தான். என்னை ஒருமுறை பார்த்தான். "அண்ணன் மேல தப்பு இல்ல. நான்தான் எழுதி அனுப்ப மறந்துட்டேன்" என்றான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்ட பெரிய மனுஷன் என்று ஊரே உருகுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சிறைக்கே போய் அவனை மன்னித்துவிட்டு வந்தாளாம். என் வீட்டில் மூன்று நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, அவனை நினைத்து.

மனசாட்சி உறுத்தியதால் வந்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. தெரிந்தே கொன்றவன் நான். அவனை இன்றே விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இது முழுக்க முழுக்க நான் செய்தது. இதிலும் அவனுக்குப் பங்கு கொடுக்காதீர்கள்.