ஏழாம் நம்பர் தொட்டி

"ஹலோ... ஹலோ மேடம்... கேக்குதா?... நான்தான், ஜஸ்டின்... பட்டாபிராம் ஜஸ்டின், ஊட்டு ஓனரு... ஆங், ஆங், நல்லாக்கீறேன். சாப்ட்டீங்களா?... ஆமா, மணி நாலு ஆவுது, இப்ப போய் கேக்குறேன் பாருங்க..."

ஜஸ்டின் மொட்டைமாடியில் தண்ணீர் டாங்க் நிழலில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நாலு தரம் அந்த நம்பரை எடுத்து, நாலு தரமும் அமுக்காமல் வைத்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியபோது ஃபோர்மேனுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. எதிரே இருபத்து நாலு தொட்டிகளில் கத்திரிச் செடி. மாடியில் குடியிருக்கும் மண் விஞ்ஞானி மோகனப்பிரியாவின் ஆராய்ச்சி அது. மூன்று வாரப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போகும்போது, தண்ணீர் ஊற்றும் வேலையை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இல்ல மேடம், டெய்லி ஊத்துறேன்... ஆமா, மொதல்ல சேப்பு டேப்பு ஒட்டின தொட்டி, அப்பால பச்சை டேப்பு. தண்ணி மொள்ற மக்கும் வேற வேற... பச்சையில பூஞ்சை கீது. சேப்புல மண்ண வேகவச்சி எல்லாத்தையும் சாவடிச்சிட்டீங்க, ஒண்ணும் கெடையாது... ஆமா, இது அதுல ஒட்டக் கூடாது... தெரியும்... தெரியுது மேடம், அதான்... இருங்க, திருவள்ளூர் வண்டி போவுது."

ரயில் கடந்து போனதும் மூலையில் இருந்த தொட்டியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"ஆங், போய்ட்ச்சி... மேடம், அந்த ஏழாம் நம்பர் தொட்டி... ஆமா, சேப்புதான். அதுல நான் ஒரு கரண்டி மண்ணு போட்டுட்டேன்... பச்சைத் தொட்டி மண்ணு... ஹலோ?... கீறீங்களா?... இல்ல, தெரியாம பண்ணல. தெரிஞ்சேதான். நீங்க ஊருக்குப் போன மறுநாளு... எலையெல்லாம் மஞ்சளாயி, குச்சி மாதிரி நின்னுகினு இருந்துச்சி... எல்லா சேப்பும் அப்படித்தான், ஒத்துக்கிறேன். ஆனா இது மூலையில ஒண்டியா... நீங்கதான சொன்னீங்க, பூஞ்சை வேரைக் கட்டிகினு எங்கெங்கியோ இருந்து தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுக்கும், செடி அதுக்கு சோறு போடும்னு. இதுக்கு யாருமே இல்லியேன்னு... மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லை என்பது பாதி உண்மைதான். மனைவி செலின் கண்ணை மூடி மூணு வருஷம். அதற்குப் பிறகு அவர் போனுக்கு வருவதெல்லாம் கிரெடிட் கார்டு வேணுமா என்று கேட்கும் பெண்கள்தான். மோகனப்பிரியா குடிவந்த பிறகுதான் சாயங்காலம் ஆறரைக்கு மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம். "அண்ணா, மோட்டார் போட்டாச்சா?" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்காகவே சில நாள் மோட்டார் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

"எல்லாம் கெட்டுப்போச்சா மேடம்?... ரெண்டு வருஷ வேலைன்னு தெரியும்... இருங்க, இன்னொன்னும் சொல்லிர்றேன், அப்பறம் சேத்துத் திட்டுங்க. ஞாயித்துக்கெழம வந்து எல்லாத்தையும் புடுங்கி, காயவச்சி எடை போட்டுட்டு, முப்பதாந்தேதி ஊட்ட காலி பண்றேன்னீங்க... ஆமா, கோயம்புத்தூர்ல பர்மனென்ட்டு வேலை, நல்ல விஷயந்தான், நான் இல்லைன்றனா?... ஆனா இது கெட்டா திரும்ப மொதல்லருந்து வெதைக்கணும், இன்னும் நாலு மாசம் இங்கியே இருப்பீங்கன்னு... ஒரு நெனப்பு வந்துச்சி. கரண்டி கையில இருக்கும்போதுதான் வந்துச்சி. அத்தோட கீழ வச்சிட்டேன். மாதா மேல சத்தியமா, வேற தொட்டிய தொடல."

சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு வெட்கமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் செடியையும் எடை போட்டு, பொய்க் கணக்கை உண்மை என்று அவள் எழுதியிருப்பாள்.

"ஆங்?... இல்ல, ஒண்ணுதான்... அதுக்கு அப்பலேர்ந்து தனி மக்கு... அடியில தட்டு கீது, தண்ணி வெளிய வரல... ம்... ம்... ஏழ உட்டுட்டு மீதி சேப்பு பதினொண்ணு போதுமா?... நெஜமாவா?... நோட்டுல காரணம் எழுதணுமா? என் பேரா?... ஐயோ மேடம்!... சிரிக்கிறீங்களா?... எழுதுங்க, எழுதுங்க. பண்ணது நான்தான... அப்ப ஞாயித்துக்கெழமையே முடிஞ்சிடும்... ஆமா... ஆமா. சந்தோஷம் மேடம்."

சந்தோஷம்தான். அவள் ஆராய்ச்சி தப்பித்தது. வீடு காலியாவதும் நிச்சயமாயிற்று.

"அப்ப அந்த ஏழாம் நம்பரு? அதையும் புடுங்கிடுவீங்களா?... ஓ, கணக்குல வராதா... எனக்கா? நானே வச்சிக்கவா?... சரி. சரி மேடம்... ஆமா, இப்பதான் புதுசா ரெண்டு எலை உட்டுருக்குது... மேடம், ஒண்ணு கேக்கலாமா?... தப்பா நெனைக்காதீங்க. அது காய் வச்சா உங்களுக்கு ஒரு போன் பண்ணலாமா? வேற ஒண்ணும் இல்ல, காய் வச்சிருக்குன்னு சொல்றதுக்கு... ஹலோ?... மேடம்?... ஹலோ?"

லைன் கட்டாகியிருந்தது. எந்த வார்த்தையில் கட்டாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கூப்பிடலாம்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாயிற்றே, இனி என்னவென்று கூப்பிடுவது? எழுந்து போய் ஏழாம் நம்பர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். அது இன்னும் பூகூட வைக்கவில்லை.